அஞ்சாவது கியர்

எஞ்சின் ஆறுவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் கேட்டுவிட வேண்டும். முப்பது வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை முக்கால் மணி நேரத்தில் எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை. ஆனால் ரங்கராஜ் நாளைக் காலை ஓசூருக்குப் போகிறான், மகன் வீட்டோடு இருக்க. இனி மேட்டுப்பாளையம் பக்கம் அவனுக்கு வேலை இல்லை. எனக்கும் எழுபத்து நாலு ஆகிறது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான். காரமடையிலிருந்து ஓட்டி வந்தவன் வண்டியை என் வீட்டை ஒட்டின ஷெட்டுக்குள் விட்டு, பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "மச்சானுக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா டேப்பட் வெச்சுக் குடுங்கண்ணா, உங்க கையிலதான் வெக்கோணும்னு இருக்குது" என்றான். டேப்பட் என்றால் வால்வு இடைவெளி, சூட்டோடு வைக்கக் கூடாது, ஆறட்டும் என்றேன். "தெரியுமுங்ண்ணா, ஜப்பான்காரன் எஞ்சினாச்சே, பச்சத்தண்ணியா இருந்தாத்தான ஒத்துக்குவான்" என்று சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தான். அதே சிரிப்பு. பல் பாதி போய்விட்டது, சிரிப்பு போகவில்லை. நான் பில்லர் கேஜை எடுத்துத் துணியால் துடைக்கிறேன். விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். துடைத்த தகட்டையே மறுபடி துடைக்கிறேன். இரும்பு சுருங்கும் சத்தம் பானெட்டுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று வருகிறது. கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. அந்தச் செவ்வாய்க்கிழமை என் துளசிமணியை இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த ரோட்டில் அஞ்சாவது கியர் போட்டாய்? அவ்வளவுதான். வேறு யாராவது கேட்டால் சிரிப்பார்கள், பொண்டாட்டி செத்துப் பதினோரு வருஷம் கழித்துக் கிழவன் கியர் கணக்குக் கேட்கிறான் என்று. சிரிக்கட்டும். அவர்களுக்கு அந்த ரோடு தெரியாது, அந்த கியரும் தெரியாது.

தொண்ணூற்று மூன்றில் இந்த வண்டி எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்த காலை எனக்கு அப்படியே இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் சவாரி போகிற எங்கள் ஸ்டாண்டில் பதினேழு வண்டி, பதினேழும் அம்பாசிடர், அதில் ஒன்று என்னுடையது, பதினேழுக்கும் டேப்பட் வைக்கிறவன் நான். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எஞ்சினை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கழற்றிக் கழற்றி நானே தெரிந்துகொண்டது. அதனால் ஒரு கர்வம் உண்டு, இல்லை என்று இந்த வயதில் சொல்வானேன். ரங்கராஜ் கோயமுத்தூரிலிருந்து புது மாடல் வெள்ளை அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை, அதே உருண்டை முதுகு, அதே முட்டைக் கண். "இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம், என்ற வண்டியாட்டத்தான் இருக்குது" என்றான் கிட்டான், ஸ்டாண்டிலேயே வாய் நீளமானவன். ரங்கராஜ் பதில் சொல்லாமல் பானெட்டைத் தூக்கினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே வேறு ஆள், ஜப்பான் எஞ்சின். எங்கள் வண்டிகளில் கேம் ஷாப்ட் என்கிற சுழல் தண்டு எஞ்சினின் இடுப்பில் இருக்கும், அங்கிருந்து எட்டுக் கம்பி மேலே ஏறி வால்வுகளை அமுக்கும். இதில் கம்பியே இல்லை. கேம் ஷாப்ட் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது, ஒரு செயின் அதைச் சுற்றியது. ஆயிரத்து ஐந்நூறு சி.சி. இருந்த இடத்தில் ஆயிரத்து எண்ணூறு. ஸ்டார்ட் செய்தான். நான் காதைக் கொண்டுபோய் வைத்தேன், வைக்க வேண்டியிருந்தது, அத்தனை அமைதி. ஸ்டியரிங் பக்கத்திலிருந்த கியர் கம்பியைக் காணோம், தரையிலிருந்து ஒரு குட்டைக் கம்பி முளைத்திருந்தது, அதன் குமிழில் நாலோடு நிற்காமல் அஞ்சு என்று போட்டிருந்தது. முன்னால் ஒரே நீளமாக இருந்த சீட் இரண்டு தனித் தனிச் சீட்டாகப் பிரிந்திருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டு எதிர் டீக்கடையில் இரண்டு வடை தின்றேன், அது பசி இல்லை.

ரங்கராஜ் பெஞ்சிலிருந்து, "ஏனுங்ண்ணா, தூக்கம் வருதுங்களா, கண்ண மூடிட்டீங்க" என்கிறான். இல்லை என்கிறேன். "ஓசூர்ல குளிராமுங்க. மருமக இப்பவே சொட்டர் எடுத்து வெச்சிருக்குது" என்கிறான். நல்லதுதானே என்கிறேன். அவனைக் கவனித்துக்கொள்ள ஒரு மருமகள். இதிலும் அதிர்ஷ்டம் அவனுக்குத்தான். கையை எஞ்சின் தலையில் வைத்துப் பார்க்கிறேன், சுடுகிறது, எடுத்துவிடுகிறேன். துளசிமணியின் உள்ளங்கை இப்படித்தான் சுடும். எப்போதும் லேசாகக் காய்ச்சல் இருப்பது போல. குன்னூரில் பெண்கள் விடுதி ஒன்றில் தையல் சொல்லிக்கொடுக்கச் செவ்வாயும் வெள்ளியும் போவாள். எனக்குச் சவாரி இருந்தால் சவாரிக்காரர்களோடு முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். அந்த நீள சீட்டில் எனக்கும் கதவுக்கும் நடுவே மூன்று பேர்கூட உட்காரலாம், ஆனால் கதவோரம் ஆள் இல்லாத நாளிலும் அவள் என்னை ஒட்டியே உட்காருவாள், என் இடது கை ஸ்டியரிங் கியரைப் போடும்போது முழங்கை அவள் மேல் படும். பர்லியாற்றில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பழைய எஞ்சின், நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் மலையேறாது. அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் டீ குடிப்போம், அவள் மங்குஸ்தான் வாங்குவாள். ஒருநாள் அப்படி ஏறும்போது கியர் போடுகிற என் கையின்மேல் கையை வைத்து, "ஏனுங்க, இத நான் ஒருக்கா போடட்டுங்களா" என்றாள். "இதென்ன உன்ற தையல் மெஷினா, மிதிச்சா ஓடறதுக்கு" என்றேன். பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வளைவு வந்துவிட்டது, நான் முகத்தைப் பார்க்கவில்லை.

ரங்கராஜின் வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது, எல்லாம் ஆங்கிலம். என்னிடம் கொடுத்து, "நீங்க படிச்சு வெச்சுக்கங்ண்ணா, இனி கம்பெனிக்கு ஓடீட்டு இருக்க முடியாது" என்றான். எனக்கு எழுத்துக் கூட்டி வரும், பொருள் பாதி ஓடும். துளசிமணி பத்தாவது தேறினவள், சாயந்திரங்களில் படித்துச் சொன்னாள். உள்ளே இழுக்கிற வால்வுக்கு ஆறு, வெளியே தள்ளுகிற வால்வுக்குப் பத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. ஆறு என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் ஆறு பங்கு, வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. எங்கள் பழைய எஞ்சினுக்கு எல்லாவற்றுக்கும் பதினைந்து, அதுவும் சூட்டோடு. அவள் வாயால் ஆறு, பத்து என்று சொன்னதை நான் நோட்டில் எழுதினேன். "என்னுங்க இது, முடிக்கு நடுவுல ஊசி உடறாப்பல இருக்குது" என்றாள். அவள் அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்த பிறகும் தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தாள், கியர் படம் போட்ட பக்கத்தை. அப்போது அது எனக்கு ஒன்றும் இல்லை, பின்னால்தான் எல்லாமாயிற்று.

எனக்கு மைசூர் சவாரி, கோயமுத்தூர் விமான நிலையச் சவாரி என்று வந்த நாட்களில் அவள் ரங்கராஜ் வண்டியில் போக ஆரம்பித்தாள். நான்தான் சொல்லிவிட்டேன், பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று. அவன் அவளை டீச்சர் என்று கூப்பிடுவான். அண்ணி என்றோ அக்கா என்றோ கூப்பிட்டிருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது. டீச்சர் என்று அவன் சொல்லும்போது அவள் என் வீட்டு ஆளாகவே தெரியமாட்டாள், எனக்கு அறிமுகமில்லாத யாரோ ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அஞ்சு மணிக்கு வர வேண்டியவள் ஏழுக்கு வந்தாள். நான் முன்னதாகவே வந்து காத்திருந்தேன். மலையில் லாரி நின்றுவிட்டது என்றாள். முகம் சிவந்திருந்தது, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, அந்தக் குளிரில். சோற்றைப் போட்டுக்கொண்டே தனக்குத்தானே சிரித்தாள். என்ன என்றேன். "ஒண்ணுமில்லீங்க. அந்த வண்டி அஞ்சாவது கியர்ல போறப்ப எஞ்சினே இல்லாதபடி இருக்குதுங்க. ஆத்துல போறாப்பல" என்றாள். நான் சாப்பிட்டேன். கை கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அது என்னைப் பிடித்தது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை மலை, இரண்டும் மூன்றும்தான் விழும், எப்போதாவது ஒரு நாலு. எந்த மடையன் மலையிறங்கும்போது அஞ்சு போடுவான். கல்லாற்றிலிருந்து ஊருக்குள் வரை சமம்தான், ஆனால் அன்றைக்குச் செவ்வாய், உருளைக்கிழங்கு மண்டிக்கு லாரிகள் வரிசையாக நிற்கிற நாள், முப்பதுக்கு மேலே போக முடியாது. அப்படியானால் எங்கே. வீட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். காரமடை ரோட்டிலோ சிறுமுகை ரோட்டிலோ. எதற்கு. அது அஞ்சாவது என்று அவளுக்கு எப்படித் தெரியும். கம்பியைப் பார்த்திருக்க வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்தால் கம்பி தெரியாது. முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அந்தத் தனிச் சீட்டில், அவனுக்குப் பக்கத்தில். கியர் விஷயம் புத்தகத்தில் படித்திருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். புத்தகத்தில் ஆற்றில் போகிற மாதிரி இருக்கும் என்று போட்டிருக்குமா.

இதை நம்ப மாட்டார்கள், ஒருநாள் நான் அளந்தே பார்த்தேன். கோயமுத்தூர் வக்கீல் ஒருவரிடம் இதே மாடல் இருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் அவரோடு கல்லாற்றிலிருந்து வரும்போது, "சார், அஞ்சு போடுங்க பாக்கலாம்" என்றேன். "எங்கய்யா போடறது, முன்னாடி லாரி நிக்குது" என்றார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை வெற்றி என்று நினைத்தேன். ஸ்டாண்டில் கிட்டான் வேறு. "ஏனப்பா ஆறுச்சாமி, டீச்சர் இனி நம்ம வண்டியெல்லாம் ஏறமாட்டாங்களாட்ட இருக்குது, ஜப்பானுக்குப் போயிட்டாங்களா" என்றான் ஒரு தடவை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து டயரைப் பார்த்தான். எப்போதும் சிரிக்கிறவன் ஏன் சிரிக்கவில்லை என்று எத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறேன், அவளுக்குத் தலைமாட்டில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு யோசித்திருக்கிறேன். அவள் கண்ணைத் திறந்து, "என்னுங்க அப்படிப் பாக்கறீங்க" என்றபோதும் அந்த அஞ்சுதான் என் நாக்கில் இருந்தது. கேட்கவில்லை. கேட்டு அவள் ஆமாம் என்றுவிட்டால் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது.

அந்த மார்கழிச் செவ்வாய்க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரங்கராஜ் வண்டியை என்னிடம் டேப்பட்டுக்கு விட்டான். இதே ஷெட். இதே மாதிரி பானெட்டைத் தூக்கிவிட்டு, "உங்க கையில ஒப்படைச்சாச்சு" என்று போய்விட்டான். ஆற விடவில்லை. ஆறும் பத்தும் நோட்டில் இருந்தது, அவள் சொல்லி நான் எழுதியது. நான் பதினைந்தாம் தகட்டை எடுத்தேன். சூட்டோடு எட்டு வால்வுக்கும் பதினைந்து வைத்தேன். தெரியாமல் செய்ததில்லை. யாராவது கேட்டால், பழைய எஞ்சின் பழக்கத்தில் கை போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஸ்டாண்டில் எல்லாரும் நம்புவார்கள், அப்படித் தப்புப் பண்ணக்கூடிய ஆள்தானே நான், எட்டாவதோடு நின்ற மெக்கானிக். அந்தச் சாக்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஸ்பானரைத் திருகினேன். ஸ்டார்ட் செய்ததும் லேசாக ஒரு டகடக, ஓட ஓட அது தையல் மெஷினை வேகமாக மிதித்த மாதிரி ஆகிவிடும். எஞ்சினே இல்லாதபடி இருக்கிறதா, இப்போது இருக்கட்டும். அவள் அடுத்த தடவை ஏறும்போது கேட்கட்டும். என் மனசு குளிர்ந்தது. ஒரு மனிதனுக்கு அப்படிக் குளிரக் கூடாது.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை ரங்கராஜ் முகம் தொங்கிப்போய் வந்தான். "சத்தம் நெம்ப ஆயிருச்சுங்ண்ணா, என்ன ஆச்சுன்னே தெரியலீங்க." நான் பானெட்டைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்பது போலக் கேட்டேன். துளசிமணி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன். "கியர் மாத்தத் தெரியாத கை ஓட்டுனா இப்படித்தான் ஆகும். மூணு போடற எடத்துல ஒண்ணப் போட்டு எஞ்சின உலுக்கி எடுத்திருக்குது. இந்த மாதிரி வண்டிய ஓட்டறதுக்கு ஒரு தராதரம் வேணும். யார்ரா ஓட்டுனது?" ரங்கராஜ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். உள்ளே தையல் மெஷின் நின்றது. அவனைத் திட்டினால் இவளுக்கு மெஷின் நிற்கிறது, பார்த்துக்கொள் என்று எனக்கு நானே சொன்னேன். என் சந்தேகத்துக்கு நானே எழுதிக்கொண்ட ரசீது அது. அன்றிலிருந்து அவள் ரங்கராஜ் வண்டியில் ஏறவில்லை, மலை ரயிலில் போனாள், எனக்குச் சவாரி இருந்தால்கூட ரயில்தான். ஒருநாள் இட்லித் தட்டை வைத்துவிட்டு, "அந்த வண்டி சரியாயிருச்சுங்களா" என்றாள். குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. எனக்காக நடுங்கியதில்லை, அவனுக்காக நடுங்குகிறது. "சரியாகும்" என்றேன். மூன்று வாரம் போட்டு வைத்திருந்து, குளிர்ந்த எஞ்சினில் ஆறும் பத்தும் வைத்துக் கொடுத்தேன். ஜப்பான் எஞ்சினை அடக்கின கை என்று ஸ்டாண்டில் பேர் வந்தது. கிட்டான்கூட டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது. கையை வைக்கிறேன், இப்போது பொறுக்கிற சூடு. ரங்கராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறான். அவன் சட்டையில் கற்பூர வாசனை, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பான். காது மடலில் வெள்ளை முடி. இந்த ஆளிடமா நான் முப்பது வருஷம் தோற்றுக்கொண்டிருந்தேன். கேள். கேட்டுத் தொலை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் என்ன, அவள் இல்லை, யாரோடு சண்டை. இல்லை என்றால்? இல்லை என்று அவன் சொன்னால் நான் நம்பமாட்டேன், அது எனக்குத் தெரியும். வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரின் நட்டில் ஸ்பானரை வைத்தவன் திருகாமல் நிற்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கிறது. "ரங்கராசு, தொண்ணூத்து மூணு மார்கழில ஒரு செவ்வாக்கெழம. துளசி ஏழு மணிக்கு வந்தா. அன்னைக்கு நீ எங்க அஞ்சு போட்ட?" அவன் என்னைப் பார்க்கிறான். விழிக்கவில்லை, எதைக் கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை. "சிறுமுக ரோட்டுலீங்க" என்கிறான். அப்புறம், "நான் போடலீங்ண்ணா. டீச்சர்தான் போட்டாங்க" என்கிறான்.

எனக்குப் புரியவில்லை. அவன் பேசிக்கொண்டே போகிறான், இத்தனை நாள் வைத்திருந்ததை இறக்கி வைக்கிறவன் மாதிரி. "நாலு மாசம் ஓட்டிப் பழகுனாங்க. வகுப்பு சீக்கிரம் முடியற நாள்ல. நீங்க மைசூர் அங்க இங்க போயிருக்கறப்ப. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்க அம்மா மேல சத்தியம் வாங்கிட்டாங்க. நான் வேண்டாமுங்க டீச்சர், அண்ணன் தப்பா நெனச்சுக்குவாருன்னேன். அவருக்கு ஒருநாள் பக்கத்துல உக்காந்துட்டு வாற சொகத்தக் காட்டோணும், பாவம், எந்நேரமும் அவரேதான் ஓட்டறாருன்னாங்க. உங்கள வெச்சுட்டு பர்லியாத்துல நிறுத்தாம மலையேத்தோணும்னு ஆசைங்க. ஸ்டியரிங் கியர் அவங்களுக்கு எட்டல, கனமா இருந்துது. இது லேசு, அதான் என்ற வண்டில கத்துக்கிட்டாங்க." நான் கேட்கிறேன், முதல் கேள்வி என்னிடமிருந்து இப்படியா வர வேண்டும், "ஓட்டறப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துது?" அவன் சிரிக்கிறான். "நாக்க ஓரமாக் கடிச்சுக்குவாங்க. ஆளே இல்லாத ரோட்டுல ஆரன் அடிப்பாங்க." அவள் ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்ததில்லை. இவன் பார்த்திருக்கிறான். நாலு மாசம், செவ்வாயும் வெள்ளியும். அன்றைக்கு வடை தின்றும் அடங்காத அது மறுபடி கிளம்புகிறது, ஒரு குற்றமும் இல்லாதவன்மேல், முன்னைவிடக் கூர்மையாக. அவள் எனக்காகக் கற்றுக்கொண்டதைக்கூட அவன்தான் அனுபவித்தான்.

"அப்பறம் ஏன் நிறுத்திட்டா?" என்கிறேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய் கேட்டு முடித்தது. ரங்கராஜ் தரையைப் பார்க்கிறான். "அதானுங்க. ஒரு செவ்வாக்கெழம ஓட்டறப்ப டகடகன்னு சத்தம். அதுக்கு முந்தின தடவ டீச்சர் மூணு போடறக்கு ஒண்ணப் போட்டுட்டாங்க, வண்டி குலுங்கிருச்சு. அதனாலதான் எஞ்சின் போச்சுன்னு நெனச்சு நடு ரோட்டுல எறங்கி நின்னுட்டாங்க. சாவியக் குடுத்துட்டாங்க. நான் அதெல்லாம் இல்லீங்கன்னு எவ்வளவோ சொன்னேன். அடுத்த நாள் உங்ககிட்டக் கொண்டாந்தா, நீங்களும் அதையே சொல்லிட்டீங்க. உள்ள இருந்து கேட்டுட்டு இருந்தாங்களாமுங்க. எங்கிட்ட, உங்கண்ணன் வாயிலயே வந்துருச்சு, எனக்குத் தராதரம் இல்லீன்னு சொன்னாங்க. அப்பறம் தொடவே இல்ல." ஷெட் ஓட்டின்மேல் ஏதோ ஓடுகிறது, அணிலாக இருக்கும். மெஷின் நின்றது என் காதில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கினபடி நின்றிருக்கும். சரியாயிருச்சுங்களா என்று இட்லித் தட்டோடு நின்றவள். சரியாகும் என்றேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில், கல்யாணம் காட்சிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் கியர் கம்பியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். அவன் நினைப்பு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ரங்கராஜ் தொண்டையைச் செருமுகிறான். "இன்னொண்ணும் இருக்குதுங்ண்ணா. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் இன்னைக்கு வந்ததே, டேப்பட் ஒரு சாக்கு. மொதல் தடவ அஞ்சு விழுந்தப்ப டீச்சர் ஒரு வார்த்த சொன்னாங்க. உங்களப் பத்தி." அவன் கண் அந்த ரோட்டைப் பார்க்கிறது, எனக்குத் தெரியாத சாயந்திரத்தை. சொல்ல வாயெடுக்கிறான். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டுப் பிறகு சொல்லியிருக்கலாம், அல்லது சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுடைய ஒரு வார்த்தையை அவன் கையால் பிச்சையாக வாங்கப் போகிறோம் என்ற நினைப்பா, இல்லை அந்த வார்த்தை நல்லதாக இருந்துவிடுமோ என்ற பயமா, என் வாய் முந்திக்கொண்டது. "அந்தச் சத்தம் நான் வெச்சதுடா. பதினஞ்சு வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். உன்மேல இருந்த பொறாமையில." சொன்னதும் இலேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

அவன் எஞ்சினைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், கேஜைப் பார்த்தான். பிறகு ராக்கர் கவர் மேலிருந்த ஸ்பானரை மெதுவாக எடுத்து என் மேஜையில் வைத்தான். பானெட்டை இறக்கினான். ஓங்கி அடைக்கவில்லை, இரண்டு கையாலும் அமுக்கி அடைத்தான். "வேண்டாமுங்க. மச்சான் கோயமுத்தூர்ல வெச்சுக்குவான்" என்றான். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவனிடம் நான், "ரங்கராசு, அவ என்ன சொன்னா?" என்றேன். என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னை ஒரு நாளும் மரியாதையில்லாமல் பேசாதவன், இப்போதும் பேசவில்லை. "பத்தொம்பது வருசம் தாந்தான் கெடுத்துப்போட்டோம்னு நெனச்சுட்டே இருந்து போனாங்க, டீச்சர். நெசம் உங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல தீந்திருக்கும். அவங்க சொன்னது எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டனுங்க, அண்ணா." உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தான். வண்டி பின்னால் போய்த் திரும்பியது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம், போகவில்லை. நாளைக் காலை அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான். என்னைப் பற்றி அவள் சொன்னது அவனிடம் இருக்கிறது. அவனுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.